முங்காத கை

கண்ணை மூடினால் இருட்டு என்று எவன் சொன்னானோ, பெர்சிக்கு எப்பவும் சிவப்புதான். ஜன்னலோரம், பதினொன்றரை மணி வெயில், இமைக்குள்ளே பீட்ரூட் வேகவைத்த தண்ணி மாதிரி ஒரு சிவப்பு, அதில் இரண்டு கோடு நெளிகிறது. பாஸ்டர் சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. தலையைத் தாழ்த்திக்குங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். கூட்டுரோட்டுல ஆரம்பிக்கப் போற புதுச் சபைக்கு என்கூட வர்றேன்னு யாருக்கு உள்ளத்துல ஏவுதல் இருக்கோ, அவங்க மட்டும் கையை உயர்த்துங்க. நான் ஒருத்தன்தான் பார்ப்பேன். பார்த்துட்டு நம்பர் சொல்லுவேன், சொன்னதும் இறக்கிடலாம். பன்னெண்டு பேர் போதும் எனக்கு." பன்னிரண்டு பேர்தானே, முந்நூறு பேர் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஹாலில் அது ஒரு விஷயமா என்று நினைத்தபடிதான் பெர்சி கண்ணை மூடினாள். பாஸ்டரம்மா கீபோர்டில் நாலு வரிப் பாட்டு ஒன்றை மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்கள். பெர்சியின் இடது பக்கம் ஆளுயர ஸ்பீக்கர், அதனால் அந்தப் பாட்டு அவள் காதுக்கு வராமல் நேராக விலா எலும்புக்கு வந்தது. கை தூக்க வேண்டும். அதை அவள் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தாள். போன புதன்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக்கூட வந்தாயிற்று, அம்மாவுக்கே தெரியாது. இதோ தூக்கப் போகிறேன், இதோ. "ஒண்ணு," என்றார் பாஸ்டர். "நன்றிம்மா. கர்த்தர் பார்க்கிறார்." யாரோ முந்திவிட்டார்கள். பரவாயில்லை, இன்னும் பதினொன்று இருக்கிறது.

பதினொன்று என்பது நிறையவா கொஞ்சமா? வகுப்பில் நாற்பத்தியோரு பேர் இருந்தார்கள். லேப்பில் டீச்சர் "ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்குங்க" என்று சொன்னால் இருபது ஜோடி சேர்ந்துவிடும், ஒருத்தி மிச்சம். யார் அந்த ஒருத்தி என்று கேட்கவே வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி, வருஷம் பூராவும் அதே ஒருத்தியா? டீச்சர் சலித்துக்கொண்டு, "பெர்சி, நீ எதாவது ஒரு டேபிள்ல போய் ஒட்டிக்கோ" என்பார்கள். ஒட்டிக்கொள்ள அவள் என்ன ஸ்டிக்கர் பொட்டா? பதினோராம் வகுப்பு பாதியில் ஒரு திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள், அதோடு சரி. பொண்ணுக்கு உடம்பு முடியவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். பொய். உடம்பு கல்லு மாதிரி இருந்தது. இங்கே மட்டும் என்ன வாழுகிறதாம்? நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபைக்கு வந்தபோது தகரக் கொட்டகை, நாற்பது பேர், ஒருத்தி வரவில்லை என்றால் மத்தியானம் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். "என்னாம்மா, காய்ச்சலா? கஞ்சி கிஞ்சி குடிச்சியா?" இப்போது கொட்டகை போய் ஹால் வந்து, ஹாலும் பற்றாமல் படிக்கட்டில் உட்காருகிறார்கள், காலையில் இரண்டு ஆராதனை. வளர்ச்சி, வளர்ச்சி என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். போன மாதம் பெர்சியின் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் கிடந்தது ஒரு சைஸ் பெரியது. அதைப் போட்டுக்கொண்டு லொட்டு லொட்டென்று நடந்து வந்து, நாலு வாரமாக வாசல் நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கழற்றி விடுகிறாள். ஏம்மா இது என்னுதாச்சே என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. கேட்டால் நாலு வார்த்தை பேசலாம். ஒருத்தரும் கேட்கவில்லை. ஆராதனை நடுவில் "பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை கொடுத்து வாழ்த்து சொல்லுங்க" என்று சொல்லும்போது வலது பக்கத்து ஆன்ட்டி எப்பவும் அந்தப் பக்கமே திரும்பிக்கொள்வார்கள், இடது பக்கம் ஸ்பீக்கர். ஒரு தடவை அவள் ஸ்பீக்கரைத் தட்டி "ஸ்தோத்திரம் பிரதர்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரிக்கிறதுக்கும் ஆள் வேண்டும் இல்லையா. பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஸ்பீக்கர் தேவைப்படாது. பன்னிரண்டு பேருக்கு நடுவில் ஒருத்தி வரவில்லை என்றால் கண்டிப்பாகத் தெரியும். "ரெண்டு," என்றார் பாஸ்டர், "மூணு. அந்தப் பக்கம் ஒரு கை, பார்த்தேன் ஐயா, நன்றி."

மூன்று போயாச்சு. தூக்குடி. எந்தக் கையை? இங்கேதான் வந்து மாட்டுகிறது, எப்பவும் இங்கேதான். வலது கையை அவள் தூக்கக் கூடாது, அது முங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹாலுக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் தொட்டியில், ஒரே நாளில் முப்பத்திநாலு பேருக்கு ஞானஸ்நானம். கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மாவின் ஊர்ச் சபையில் தலையில் தண்ணி தெளித்தது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பாப்டிஸ்ட் என்றால் தெளிப்பு கிடையாது, அறிந்து, விரும்பி, முழுசாக முங்கி எழ வேண்டும். அதற்கு வகுப்பு எடுத்த பெரிய டீக்கன் ஞானசிகாமணி ஐயா, "ஒரு முடி நுனி வெளிய நின்னாலும் அது குளியல்தாம்மா, ஞானஸ்நானம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. முங்கி எழுந்ததும் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். மைக் என்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வலது உள்ளங்கையில், இடது கையால் கோணல்மாணலாக, பால்பாயிண்ட் பேனாவால் மூன்று வார்த்தை எழுதி வைத்திருந்தாள், பாவம், சமாதானம், நன்றி. தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணியில் நின்று, பாஸ்டர் ஒரு கையால் அவள் மூக்கைப் பொத்தி இன்னொரு கையால் முதுகைத் தாங்கிச் சாய்க்கிற அந்த நொடியில்தான் மண்டையில் அடித்தது, ஐயோ எழுத்து அழிந்துவிடும். கை தூக்கிக்கொண்டது. தானாகத் தூக்கிக்கொண்டதா, அவள் தூக்கினாளா, இரண்டு வருஷமாக அதைத்தான் அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தலை முங்கியது, மார்பு முங்கியது, கால் முங்கியது, மணிக்கட்டு வரைக்கும் முங்கியது. அதற்கு மேலே ஒரு கை மட்டும் வெயிலில் நின்றது. எழுந்து பார்த்தால் பாவம், சமாதானம், நன்றி, மூன்றும் பளிச்சென்று இருந்தன. சுற்றி நின்றவர்கள் பாடிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். பாஸ்டர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். படிக்கட்டில் துண்டோடு நின்ற பாஸ்டரம்மா மட்டும் அந்தக் கையைப் பார்த்தார்கள், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்கள். துண்டைத் தோளில் போர்த்தி, அந்தக் கையையும் உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். மைக்கைப் பிடித்து அவள் மூன்று வார்த்தையையும் சொன்னாள், நன்றாகவே சொன்னாள், கை தட்டினார்கள். அன்றையிலிருந்து அந்தக் கையால் சாப்பிடுகிறாள், எழுதுகிறாள், திருவிருந்தில் அப்பத்தை எடுக்கும்போது மட்டும் உள்ளே எதுவோ சுருங்கும். குழந்தையில் தெளித்தது செல்லாது, பெரியவளானதும் முங்கியது முழுசாக இல்லை. இரண்டு தடவையும் கணக்கில் வராதவள் சபை ஆரம்பிக்கப் போகிறாளாம். "நாலு. அஞ்சு. ஸ்தோத்திரம்."

சரி, அப்போ இடது கை? அதையும் பார்த்தாயிற்று. போன வாரம் அங்கத்தினர் கூட்டம். புதுச் சபை வைக்கலாமா வேண்டாமா என்று கை தூக்கி ஓட்டு. இங்கே பாஸ்டர் சொல்வது மட்டும் சட்டம் கிடையாது, முங்கி எழுந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஓட்டு. பெர்சி இடது கையைத் தூக்கினாள். முன் வரிசை சாந்தகுமாரி ஆன்ட்டி திரும்பிப் பார்த்து, "ஏண்டி, கர்த்தருடைய காரியத்துக்குப் பீச்சாங்கையத் தூக்குற? கையில என்ன, சுளுக்கா?" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். சுளுக்கு இல்லை ஆன்ட்டி, அது முங்கவில்லை என்று சொல்ல முடியுமா? கையை இறக்கிவிட்டாள். அவள் ஒருத்தி இறக்கியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, மற்றவர்கள் எல்லாரும் தூக்கினார்கள், எதிர் ஓட்டே இல்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் வேடிக்கை. ஞானசிகாமணி ஐயா டம்ளரை ஊதிக்கொண்டே, "சபைன்னா கிளை விடணும்யா, அதான் வளர்ச்சி" என்றார். "அப்ப நீங்க போறீங்களாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள். "நானா? எனக்கு ஆசைதான். வீட்டுக்காரிக்கு முட்டி வலி, அவ்ளோ தூரம் பஸ்ல குலுங்க முடியாதே." சாந்தகுமாரி ஆன்ட்டிக்குப் பையன் பரீட்சை. இன்னொருத்தருக்குக் கோழி நாற்றம் ஆகாது, ஏனென்றால் புது இடம் பழைய கோழிப்பண்ணை ஷெட். யாரும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. புதுசாக வந்திருக்கிற அசிஸ்டண்ட் பாஸ்டர் கிட்டார் வாசிக்கிறார், இருபது நிமிஷத்தில் பிரசங்கத்தை முடிக்கிறார். பழைய பாஸ்டர்தான் இந்த ஹாலை அவரிடம் விட்டுவிட்டுக் கோழி ஷெட்டுக்குப் போகப் போகிறார். போகட்டும், பாவம், நல்ல மனுஷன், என்று எல்லாரும் டீ குடித்தார்கள். எல்லாருக்கும் சபை வளர வேண்டும், அவரவர் நாற்காலி நகரக் கூடாது, அவ்வளவுதான். அப்படி இருந்தவர்களா இன்றைக்கு இப்படித் தூக்குகிறார்கள்? "ஆறு," என்றார் பாஸ்டர். "ஏழு. அம்மா, பார்த்தேன். இறக்கிடுங்க." ஏழு பேர். யார் அந்த ஏழு? முட்டி வலிக்காரியா? மனசு மாறும், மாறாது என்று யார் சொன்னது. ஆனால் ஏழு என்றால் இன்னும் ஐந்துதான். பன்னிரண்டு நிறைந்த பிறகு இவள் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? "ஆள் சேர்ந்தாச்சும்மா, நீ எதாவது ஒரு டேபிள்ல போய் ஒட்டிக்கோ." அந்த டீச்சர் குரல் ஸ்பீக்கருக்குள்ளிருந்தே வந்த மாதிரி இருந்தது. வலதா, இடதா. முங்காத கையா, பீச்சாங்கையா. "எட்டு."

அவள் கண்ணைத் திறந்தாள். வேண்டுமென்றுதான் திறந்தாள். எத்தனை கை, எந்தக் கை, எவ்வளவு உயரம், பார்த்துவிட்டால் தூக்கச் சுலபம். முதலில் சிவப்பு போகவில்லை, அப்புறம் போனது. முக்காடு போட்ட தலைகள், வழுக்கைகள், குனிந்த கழுத்துகள், ஒருத்தர் காலரில் ஊர்கிற எறும்பு, தலைக்கு மேலே டக்டக்கென்று சுற்றுகிற ஃபேன். கை இல்லை. எம்பிப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள், படிக்கட்டு வரைக்கும் பார்த்தாள். ஒரு கைகூட இல்லை. "ஒன்பது," என்றார் பாஸ்டர். "பின்னாடி வரிசை, நன்றி தம்பி." பின்வரிசையில் எந்தத் தம்பியும் கிடையாது, மூன்று கிழவர்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெர்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரன் காலி வண்டியை வைத்துக்கொண்டு "ஒரே சீட்டு, ஒரே சீட்டு, ஏறு ஏறு" என்று கத்துவானே, அதேதான். அப்புறம் சுருக்கென்று கோபம். நான் இங்கே என் கை செல்லுமா செல்லாதா என்று செத்துக்கொண்டிருக்கிறேன், நீர் பாட்டுக்கு இல்லாத கையை எண்ணுகிறீர், முடி நுனி வெளியே நின்றால் தப்பாம், இது மட்டும் சரியா? எழுந்து நின்று, பொய், ஒருத்தரும் தூக்கவில்லை, கண்ணைத் திறந்து பாருங்கள் எல்லாரும் என்று கத்தினால் என்ன? கத்துகிற அளவுக்குத் தொண்டையில் காற்றுகூட வந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பாஸ்டரின் கண்ணும் மூடியிருந்தது. இறுக்கி, சுருக்கம் விழ, ஊசி போடும்போது குழந்தைகள் மூடிக்கொள்கிற மாதிரி மூடிக்கொண்டு, பிரசங்க மேடையின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றார். காதோரம் வியர்வை ஒழுகியது. பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்கிற மனுஷன் பார்க்கவே இல்லை. ஒருவேளை முதல் தடவை பார்த்திருப்பார். காலி ஹாலைப் பார்க்கிற மாதிரி முந்நூறு பேரைப் பார்த்துவிட்டு, அப்புறம் மூடிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமையும் அப்படித்தான் நின்றார். கூட்டுரோட்டில் இறங்கி, செங்கல் சூளையைத் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது ஷெட் கதவு திறந்திருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஆனாலும் கோழி வாசனை போகவில்லை, மூலையில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அவரே ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையில் போட்டுக்கொண்டிருந்தார். பெர்சி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். உள்ளே போய், பாஸ்டர், நான் பெர்சி, நீங்கள்தான் எனக்கு முழுக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லலாம் என்றுதான் போனாள். கால் நகரவில்லை. அவர் நாற்காலிகளைப் போட்டு முடித்து, வாசலில் வந்து நின்று, யாருமே இல்லாத அந்த மண் தரையைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாங்க, வாங்க. ஸ்தோத்திரம். சாப்டீங்களா? உள்ள உட்காருங்க. பாப்பா எங்க, கூட்டிட்டு வரலியா?" ஒத்திகை பார்க்கிறாராம். ஒவ்வொரு நாற்காலிக்கும் போய் ஒரு வாழ்த்து சொன்னார். பெர்சி திரும்பி ஓடிவந்து பஸ் ஏறினாள். ஏன் ஓடினோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது கன்னத்தை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் பிரதர், ஸ்தோத்திரம் பிரதர் என்று ஸ்பீக்கரிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பே வரவில்லை.

"பத்து," என்றார் பாஸ்டர். குரல் மெலிந்துவிட்டது. இன்னும் இரண்டு. அதையும் எண்ணிவிடுவார், ஆமென் சொல்வார், எல்லாரும் கண்ணைத் திறந்து, பாருங்கள், பன்னிரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள், நாம் தப்பித்தோம் என்று பிரியாணி தின்னப் போவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டில் சிவப்பு நாற்காலிகள் இருக்கும். அவர் வாசலில் நிற்பார். கீபோர்டு சத்தம் எங்கேயோ தடுக்கியது. பெர்சி அந்தப் பக்கம் திரும்பினாள். பாஸ்டரம்மாவின் கண் திறந்திருந்தது. வாசிக்கிறவர்கள் கண்ணை மூடத் தேவையில்லையே, இவ்வளவு நேரமும் திறந்துதான் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கைகூட எழும்பாத ஹாலையும், புருஷன் எண்ணுவதையும், இப்போது பெர்சியையும். அந்த முகத்தில் கெஞ்சல் இருந்ததா, வெட்கமா, என்னவோ, தொட்டிப் படிக்கட்டில் துண்டோடு நின்றபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு இவளும் ஒன்றும் சொல்லக் கூடாது, அதைத்தான் கேட்கிறார்கள். துண்டு மாதிரி ஏதாவது ஒன்றைப் போட்டு மூடிவிடு, பெண்ணே. மூடலாம். சுலபம். கண்ணை மூடிக்கொண்டால் முடிந்தது, சிவப்பு வந்துவிடும். ஆனால் அவர் மூக்கைப் பொத்தின கை ஞாபகம் வந்தது, முதுகைத் தாங்கின கை. விட்டுவிடாமல் தாங்கினார். முப்பத்திநாலு பேரையும் தாங்கினார், முப்பத்திநாலு பேரும் இதே ஹாலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், முங்கின கையெல்லாம் மடியில் கிடக்கிறது.

போங்கடா, என்று நினைத்தாள். வலது கையைத் தூக்கினாள். காதை ஒட்டி, முழங்கை மடங்காமல், விரல்களை விரித்துத் தூக்கினாள். உள்ளங்கையில் இப்போது எழுத்து ஒன்றும் இல்லை. பாஸ்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார்கள். எந்தக் கை என்று அவர்களுக்குத் தெரியும், உலகத்திலேயே அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வாசிப்பு நின்றது. பாட்டு இரண்டாவது வரியில், நடுவில், அப்படியே அறுந்து போனது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "பதினொ—" என்று ஆரம்பித்த பாஸ்டர் அந்த அமைதியில் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி பார்த்த திசையைப் பார்த்தார். அங்கே ஒரு கை. அதற்குக் கீழே ஒரு பெண், கண்ணை அகலத் திறந்துகொண்டு, நேராக அவரைப் பார்த்துக்கொண்டு. அவள் இவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிவது பெர்சிக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்து முகம் வரைக்கும் கறுத்தது. ஹால் முழுக்க ஒரு தடவை பார்த்தார், முன்வரிசையிலிருந்து படிக்கட்டு வரைக்கும், ஒவ்வொரு வரிசையாக, நிஜமாகவே பார்த்தார். பார்த்து முடித்து மறுபடியும் அவளிடம் வந்தார்.

"ஒண்ணு," என்றார்.

முன்வரிசையில் ஞானசிகாமணி ஐயா கண்ணை மூடினபடியே, "என்னாது, பதினொண்ணா?" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். "இல்லீங்கய்யா," என்றார் பாஸ்டர் மைக்கில். "ஒண்ணு. அவ்ளோதான். நான் தப்பா எண்ணிட்டேன்." யாரும் நகரவில்லை, தலைகள் இன்னும் தாழ்ந்தன, கண்ணைத் திறக்க இப்போது எல்லாருக்கும் பயம். நம்பர் சொல்லியாயிற்று, கையை இறக்கலாம். பெர்சிக்குத் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்க்கொண்டிருந்தது. இறக்கினால் அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார். அவள் இறக்கவில்லை.